ஒரு எருது விலையில் ஒரு கடைசல் மிஷின்

போன வாரம் அலிபிரியில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு, திருமலைப் படி தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது உங்களில் ஒருத்தி என் அக்காவைப் பற்றி, "பாவம், தங்கச்சி படிக்கணும்னு மிஷின்ல காலத் தேச்சவ" என்றாள். நான் அங்கேயே வாயைத் திறந்திருந்தால் மலை ஏற வந்த ஜனம் எல்லாம் கோவிந்தா போடுவதை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். என் வயசுக்காரிகளே, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள். படித்த பிறகும் யாருக்காவது பாவம் என்று சொல்லத் தோன்றினால், என் அக்காவின் எதிரில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் ஊர் நாராயணவனம் தாண்டி உள்ளே. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். எனக்கு ஆறாவது படிக்கிற வயசு. அந்தக் கோடையில் எங்கள் ஜோடி மாட்டில் ஒன்று பாம்பு கடித்துச் செத்துப்போனது. நைனா, எங்கள் அப்பா, சாப்பிடாமல் கிடந்தார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஒரு வேளைச் சோற்றை விட்டவரில்லை அவர். ஜோடி இல்லாத எருது ஏருக்கும் உதவாது, வண்டிக்கும் உதவாது. மிஞ்சியதையும் சந்தையில் விற்றுவிட்டு, காசை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு வந்தார். கொட்டகையில் நுகத்தடி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

அந்தக் காசின் மேல் எல்லோருக்கும் கண். எங்கள் பெரியப்பா தினமும் சாயந்திரம் வந்து உட்கார்ந்துகொள்வார். "இருக்கிறத பெரிசு கல்யாணத்துக்கு எடுத்து வெய்யிடா. அந்தக் காலுக்கு எவன் சும்மா வருவான்? கூடக் கொறைய குடுத்துத்தான் தள்ளிவுடணும்" என்பார். அக்கா அடுப்பங்கரையில் இருப்பாள். அவள் காதில் விழட்டும் என்றேதான் சொல்வார்.

அக்காவுக்கு வலது கால் சின்ன வயசுக் காய்ச்சலில் சூம்பிப்போனது. முழங்கால் மேல் கையை ஊன்றிக்கொண்டு நடப்பாள். நடந்தால் எங்களைவிட முன்னால்தான் போவாள். கால் சரியில்லாத பிள்ளைகளுக்கு என்று சித்தூரில் ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அங்கே தங்கி மரம் கடையக் கற்றுக்கொண்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தாள். கட்டிலுக்குக் கால், தொட்டிலுக்குக் கட்டை, பூரிக்கட்டை, குங்குமச் சிமிழ் எல்லாம் கடைசல் வேலை. மிஷினில் மரத்துண்டு சுற்றும், உளியைப் பிடித்தால் உருண்டு உருண்டு வடிவம் வரும். அங்கே தையலும் சொல்லிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் எல்லாம் தையலுக்குப் போக, இவள் ஒருத்தி மட்டும் மரத்துக்குப் போனாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "ஊசியில நூலு கோக்கறதுக்குள்ள எனக்குப் பொறுமை பூடுது" என்றாள்.

ஒரு நாள் பெரியப்பா கல்யாணப் பேச்சைத் தொடங்கியதும் அக்கா வெளியே வந்தாள். கையில் கரண்டி.

"நைனா, அந்தக் காசுல எனக்கு ஒரு கடைசல் மிஷின் வாங்கிக் குடு."

"கல்யாணம்?" என்றார் பெரியப்பா.

"மிஷின் வந்தா நான் சம்பாரிச்சித் துன்னுவேன் பெரீப்பா. உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கமாட்டேன். உங்களுக்கும் நிம்மதிதான?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சிரிப்புதான் என்று இப்போது தோன்றுகிறது. பெரியப்பா போன பிறகு நைனா, "ஒரு எருது காசுல மிஷின் வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பழசு வரும்" என்றாள் அக்கா.

திருப்பதியில் ஒரு பட்டறைக்காரர் பெரிய கரண்டு மிஷின்கள் வாங்கிப் போட்டு, பழையவற்றை விற்கிறார் என்று பயிற்சிப் பள்ளியில் கேள்விப்பட்டிருந்தாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம். நான் எதற்கு என்றால், அடம்பிடித்தேன், அவ்வளவுதான். நாராயணவனம் கோபுரம் தெரிந்ததும் நைனா கண்ணை மூடிக் கும்பிட்டார். கல்யாணக் கோலத்தில் இருக்கிற சாமி. அக்காவுக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று அம்மா அங்கே வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். அக்கா இந்தப் பக்கம் திரும்பி கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "கும்புடு" என்றார் நைனா. "அம்மா வேண்டிக்கினது அவங்களோட. நான் இன்னிக்கி வேற வேலையா போய்க்கினு கீறேன்" என்றாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. பச்சை வேம்பின் கசப்பு, அதன் மேல் சூடான அரக்கு. சுற்றுகிற மரத்தில் கலர் அரக்குக் கட்டியை அழுத்திப் பிடித்தால் உருகி வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். சிவப்பும் மஞ்சளுமாய்ச் சிமிழ்கள் ஒரு கூடையில் குவிந்து கிடந்தன. மலைக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகிறவை. தரையில் கணுக்கால் வரை மரச்சுருள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தேன், பஞ்சு போல மெத்தென்று இருந்தது.

விற்பனைக்கு நின்றவை மூன்று. ஒன்று மோட்டார் வைத்தது. அதன் விலை கேட்டதுமே நைனா அடுத்ததற்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கரண்டும் கிடையாது. இரண்டாவது, ஆள் உயரச் சக்கரம் வைத்தது. ஒருவர் நின்று சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும், பட்டை வழியாக மரம் சுற்றும், இன்னொருவர் கடைய வேண்டும். மூன்றாவது கால்மிதி மிஷின். கடைகிறவரே நின்றபடி ஒரு காலால் மிதித்துக்கொண்டே கடையலாம், தையல் மிஷின் போல.

நைனாவுக்கு மாட்டைத் தவிர வேறெதையும் வாங்கிப் பழக்கமில்லை. சக்கர மிஷினைச் சுற்றி ஒரு வலம் வந்தார். மாட்டின் தொடையைத் தட்டுவது போலச் சட்டத்தைத் தட்டினார். குனிந்து நாலு காலும் சமமாக நிற்கிறதா பார்த்தார். மரத்தில் ஒரு கணு இருந்தது. அதை விரலால் தடவி, சுழி நல்ல இடத்தில் இருக்கிறதா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். கடைசியில் தோள் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். அது அசையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏமப்பா, எத்து கொனேதானிக்கி ஒச்சினாவா?" என்று பட்டறைக்காரர் சிரித்தார். மாடு வாங்க வந்தாயா என்கிறார்.

"எத வாங்கினாலும் கால் பாத்துத்தான் வாங்கணும்" என்றார் நைனா. அக்கா பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நைனா அதைக் கவனிக்கவில்லை.

"இதுதான் நமக்கு. வாட்டசாட்டமா கீது. பெரிசு கடையட்டும், சின்னது சக்கரம் சுத்தட்டும். ரெண்டும் ஜோடியா வேலை செய்யுங்க" என்றார்.

ஜோடி என்கிற வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிய விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாடு செத்ததிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. பறிபோன ஜோடி திரும்பக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன். தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு ஒரே கொண்டாட்டம். பள்ளிக்கூடம் போக வேண்டாம், கணக்கு சாரின் பிரம்பைப் பார்க்க வேண்டாம், ராட்டினம் மாதிரி சக்கரம் சுற்றிக்கொண்டு இருக்கலாம். ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா வந்து என் கையை அதிலிருந்து எடுத்துவிட்டாள். மெதுவாக இல்லை, பட்டென்று.

"அவ இஸ்கூலுக்குப் போவா" என்றாள்.

"போய்க்கினு வந்து சுத்தட்டும்."

"சாயந்திரம் வருவா. அதுவரிக்கும் நான் கையக் கட்டிக்கினு குந்தியிருக்கணும். ஒரு மாசம் பாப்ப, அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு, நின்னுக்கோன்னுவ. எனக்குத் தெரியாதா உன்ன? நாங்க ஜோடி மாடு இல்ல நைனா."

பட்டறையில் இன்னும் சிலர் சாமான் வாங்க நின்றிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் பெண் இப்படிப் பேசியதில் நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்போ வேற இன்னாத்த வாங்கறது?" என்றார்.

அக்கா கால்மிதி மிஷினைக் காட்டினாள்.

பட்டறைக்காரர் நல்ல மனுஷன். சங்கடத்தோடு தமிழிலேயே சொன்னார். "அம்மா, அதுக்கு ரெண்டு காலு வேணும். ஒண்ணு நிக்கறதுக்கு, ஒண்ணு மெதிக்கறதுக்கு. நின்ன கால்லதான் முழு பாரமும். பாவம், உன்னால முடியாது."

"மெதிக்க ஒண்ணு கீது. நிக்கத்தான் எடம் வேணும்" என்றாள் அக்கா. அப்புறம் திரும்பி, "நைனா, என் பின்னால வந்து நில்லு" என்றாள்.

அவர் நின்றார். ஏன் என்று புரியாமல்தான் நின்றார். அக்கா மிஷினுக்கு முன்னால் போய், சூம்பின காலை ஓரமாக வைத்துக்கொண்டு, முதுகையும் இடுப்பையும் அப்படியே அவர் மேல் சாய்த்தாள். பாரத்தையெல்லாம் அவர் மேல் போட்டுவிட்டு இடது காலால் மிதித்தாள். சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி மிதித்தாள். மரம் சுற்ற ஆரம்பித்தது. உளியை எடுத்து வைத்தாள். வைத்த வேகத்தில் உளி சிக்கி, கட்டை தெறித்துப்போய்ச் சுவரில் மோதியது. வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னொரு கட்ட குடுங்க" என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இரண்டாவது கட்டையில் உளியைச் சாய்த்துப் பிடித்தாள். சர்ரென்று நீளமாக ஒரு சுருள் கிளம்பி அவள் தோள் மேல் ஏறி நைனாவின் மார்பில் விழுந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. அவள் ஒவ்வொரு மிதி மிதிக்கும்போதும் நைனாவின் உடம்பு முழுக்க ஆடியது. ஏர் பிடிக்கிறவர் போலக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், சுருளை உதறக்கூடச் செய்யாமல் நின்றார். அக்கா கட்டையைக் கழற்றிப் பட்டறைக்காரர் கையில் கொடுத்தாள். தொட்டில் கட்டைக்கு வேண்டிய குமிழ். கொஞ்சம் கோணல்தான். ஆனால் குமிழ்.

நைனா தோளில் இருந்த துண்டை எடுத்தார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வாயால் பேசக்கூடாது. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்துப் பிடித்துத் தொகை சொல்வார்கள், சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. பட்டறைக்காரரும் கங்காதர நெல்லூர்ப் பக்கம் மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைதான். துண்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"தள்ளு நைனா. மிஷின் எனக்கு. நான் பேசறேன்" என்றாள் அக்கா.

"பொட்டப்புள்ள துண்டுக்குள்ள கைய வுடுவாளா? ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவானுங்க."

"ஊர்ல யாரு போய்ச் சொல்றது? நீயா?"

சொல்லிக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டாள். பட்டறைக்காரர் நெருப்பைத் தொட்டவர் போலத் தன் கையை வெளியே இழுத்துக்கொண்டார். அவளுக்குத் துண்டுக் கணக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சந்தைக்குப் போகும்போது இவளால் கூட்டத்தில் நடக்க முடியாதென்று நைனா தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வார். திரும்பி வரும்போது வண்டியில் விளையாட்டாக அவள் விரலைப் பிடித்து இது இவ்வளவு, அது அவ்வளவு என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவர் செய்த வினை.

"கை புடிக்கக் கூச்சமா இருந்தா வாயாலயே சொல்லுங்க. அவங்களும் கேக்கட்டும்" என்றாள் அக்கா, நின்றிருந்தவர்களைக் காட்டி. எந்த வியாபாரி சொல்வான்? அவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். கையைத் திரும்ப உள்ளே விட்டார்.

துண்டு அசைந்தது, நின்றது, அசைந்தது. அவர் தலையை ஆட்டினார், இவள் உதட்டைப் பிதுக்கினாள். நைனா துண்டையே வெறித்துக்கொண்டிருந்தார். தன் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் நின்றது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கடைசியில் பட்டறைக்காரர் கையை உதறி வெளியே எடுத்து, "மீ நாயன கன்னா கட்டி பில்ல" என்றார். உன் அப்பனைவிடக் கெட்டியானவள் என்று அர்த்தம். கூடவே மூன்று உளிகளும் கொடுத்தார். பஸ் மேலே மிஷினை ஏற்றக் கூலி கொடுத்தது போக, எனக்கு ஒரு தேங்காய் பன்னும் கிடைத்தது. அதைத் தின்றுகொண்டு வந்ததில் பள்ளிக்கூடத்திலிருந்து தப்பிக்க முடியாமல் போன துக்கம் பாதி மறந்துவிட்டது.

ஊரில் இறக்கியதுமே பெரியப்பா வந்துவிட்டார். "காலு இல்லாதவளுக்குக் கால்ல மெதிக்கிற மிஷினா? கண்ணு தெரியாதவனுக்கு சினிமா டிக்கெட் எடுத்துக் குடுக்கிற ஆளுடா நீ." நைனா கொட்டகைக்குள் போனார். நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த நுகத்தடியை நாங்கள் தாண்டக்கூடக் கூடாது. பொங்கலுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிற சாமான். நைனா மிஷினுக்குப் பின்னால் இரண்டு கம்பம் நட்டு, அக்காவின் இடுப்பு உயரத்துக்கு அதைக் குறுக்கே வைத்துக் கட்டினார். மேலே கோணிப்பை சுற்றினார். கையால் அழுத்திப் பார்த்தார். பட்டறையில் அவர் நின்ற இடத்தில் இப்போது அது நிற்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

"நொகத்தடி மேல பொம்பள குந்தறதா? வீடு உருப்படுமாடா?" என்று பெரியப்பா கத்தினார்.

"மாடுதான் இல்லியே" என்றார் நைனா. அக்காவைப் பார்த்து, "சாஞ்சிப் பாரு. உயரம் சரியா கீதா?" என்றார்.

முதல் சில வாரம் அவள் இடுப்பில் காயம். அம்மா ராத்திரியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுவாள். அக்கா அழவில்லை, திட்டினாள். மரத்தைத் திட்டினாள், உளியைத் திட்டினாள், நாராயணவனத்துச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் கை வந்தது. சுற்று ஊரில் பிறந்த பிள்ளைகள் பாதி அவள் கடைந்த தொட்டிலில்தான் தூங்கின. எனக்குச் சிவப்பு அரக்குப் போட்ட பம்பரம் ஒன்று கடைந்து கொடுத்தாள். பெண் பிள்ளை பம்பரம் விடுவதா என்று தெருவே சிரித்தது. விட்டேன், பையன்களின் பம்பரத்தைப் பிளந்தேன். அது பிறகு கிணற்றில் விழுந்துவிட்டது. அந்தச் சிவப்பை அப்புறம் எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்தார்கள். மிஷினை விற்றுக் காசாகக் கொடுத்தால் சரி என்றார்கள். அக்கா மிதியை நிறுத்தாமலே, "பெருமாள் பேர சொல்லிக்கினு போய்ட்டு வாங்க" என்றாள். அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து அந்தக் காசில் வேப்பங்கட்டை வாங்கிக் கொடுத்தாள். பெரியப்பா தன் மகள் கல்யாணத்துக்குக் கட்டில் கால் கேட்டு வந்தபோது, "உங்களுக்கு முன்ன நாலு பேரு கீறாங்க பெரீப்பா, வரிசையில வாங்க" என்றாள். வந்தார். நானே பார்த்தேன், வயிறு குளிர்ந்தது.

நான் படித்தேன். கணக்கு டீச்சராகவே ஆனேன், அந்தப் பிரம்புக்குப் பயந்தவள். ரிட்டையரும் ஆகிவிட்டேன். பட்டறையில் அக்கா என் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிடவில்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்காத நாளில்லை. எனக்காகத்தான் அவள் அந்த மிஷினைக் கேட்டாள் என்று அறுபது வயசு தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பாவம் என்று சொன்ன அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அக்காவிடம் இப்போது கரண்டு மிஷின்களும் இருக்கின்றன, வேலைக்குப் பெண்கள் இருக்கிறார்கள். அவள் மட்டும் சிமிழ் கடைவதற்குப் பழைய மிஷினில்தான் நிற்பாள், நுகத்தடியில் சாய்ந்துகொண்டு. தலை முழுக்க வெள்ளை, அதன் மேல் மரத்தூள். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும், சேர்ந்து உங்களைத் திட்டலாம் என்று போனேன்.

அவள் சிரித்தாள். "உனக்காகவா? யாரு சொன்னது?"

"நீதான சொன்ன. இஸ்கூலுக்குப் போவான்னு."

"அதச் சொன்னாத்தான் நைனா வாய மூடுவாரு. அடியே, சக்கரம் சுத்தறவ கையிலதான் வேகம் இருக்கும். நான் வேகமா வேணும்னா உன்னக் கெஞ்சணும், மெதுவா வேணும்னா உன்னக் கெஞ்சணும். அது வரிக்கும் எழுந்திருக்க ஒருத்தர், பஸ் ஏற ஒருத்தர்னு கெஞ்சிக் கெஞ்சித்தான் வளந்தேன். மிஷின் முன்னாலயும் கெஞ்சணுமா? என் மரம் என் கால்ல சுத்தணும்னு நெனச்சேன். அத சொல்லியிருந்தா நைனா அங்கியே அறைஞ்சிருப்பாரு."

இத்தனை வருஷம் நான் சுமந்த நன்றிக்கடனை ஒருத்தி உமியை ஊதுவது போல ஊதிவிட்டாள். கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். கூடவே சிரிப்பும் வந்தது.

"அப்போ எனக்காக இல்லியா?" என்று கேட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் உளியின் முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, "உனக்காகவும்தான்" என்றாள். "மொதல்ல எனக்கு."

அப்புறம் நுகத்தடியில் சரியாகச் சாய்ந்துகொண்டு காலை மிதியில் வைத்தாள்.

"தள்ளு. வெளிச்சத்த மறச்சிக்கினு நிக்கிற."